பிள்ளைகளுக்கு யுத்தத்தைச் சொல்வது எப்படி?



யுத்தம் என்றால் நம் பிள்ளைகளுக்கு அரசர்களின் வெற்றியும் வீரர்களின் பதக்கமுமே சொல்லப்படுகின்றன. செத்தவன் யார் என்பது சொல்லப்படுவதில்லை.

1942-43ம் வருஷங்களில் ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அதில் நேசதேசப் படைக் கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியக் கூலிகளிலோ சுமார் 90,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஆசை காட்டியும் பலவந்தமாயும் கொண்டுபோகப்பட்ட மலேயா தோட்டத் தமிழர் ஏராளம். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன.

கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. கூலிகளில் பெரும்பாலோர் பெயரில்லாமலே காட்டில் புதைந்தார்கள். இதைத் தலைவிதி என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? கைதிக்குக் கல்லும் கூலிக்குக் காடும் என்று பிரித்தது விதியா, மனிதனா?

ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பிள்ளைகளின் வயதுக்குத் தக்க பகுதிகளை வாசித்துக் காட்டுங்கள். நாம் முதலில் வெறும் எண்களையே சொன்னோம். பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். கதையாகச் சொன்ன பிறகுதான், "தோட்டத்தில் காத்திருந்த பிள்ளைக்கு, அப்பா வரமாட்டார் என்று யார் சொன்னார்கள்?" என்று ஒரு சிறு பெண் கேட்டாள். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தோழர்களே! மாலையும் மௌனமும் ஒரு நாளோடு போய்விடும். அந்தக் கேள்வியே உண்மையான ஞாபகச் சின்னம். கேட்கப் பழகிய பிள்ளையை நாளை எவனும் ஏய்த்து ரயிலேற்றிவிட முடியாது.