யாருக்கு இரைச்சல்?

(இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரேசில் நாட்டு ஹெவி மெட்டல் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "அந்தக் காட்டுக் கத்தலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" காட்டுக் கத்தல். நம்ம பறையைப் பத்தி ஊர்க்காரன் சொன்னதும் இதே சொல்தானே? சம்பந்தம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. அதன் கடைசிக் காலத்தில், 1984இல், சுரங்கங்களுக்குப் பேர்போன மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத் தலைநகர் பெலோ ஹொரிசோன்டேயில் 'செபுல்துரா' என்ற குழு உருவானது. சவக்குழி என்று பொருள். எல்லாம் பதின்வயதுப் பையன்கள். பெரிய கம்பெனி எதுவும் அவர்களைத் தேடி வரல. 'கொகுமெலோ' என்ற உள்ளூர் இசைத்தட்டுக் கடைதான் 1985இல் முதல் தட்டை வெளியிட்டது. அதிலும் ஒரு பக்கம் இன்னொரு உள்ளூர்க் குழுவுக்கு. நம்ம சிற்றிதழ் கதைதான்.

முதலில் அவர்கள் பாடியது ஐரோப்பிய மெட்டலைப் பார்த்து, சாத்தானையும் சாவையும். பிறகுதான் சொந்த மண் கண்ணில் பட்டது. 1992 அக்டோபர் 2 அன்று, சாவோ பாலோவின் கராந்திரு சிறைக்குள் போலீஸ் புகுந்து 111 கைதிகளைக் கொன்றது. 1993இல் வந்த 'கேயாஸ் ஏ.டி.' தொகுப்பில் அந்தப் படுகொலை பாட்டாச்சு. 1996இல் 'ரூட்ஸ்'. அதற்காக மாட்டோ குரோசோவில் ஷவான்தே பழங்குடிகளின் கிராமத்துக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தார்கள். பாஹியாவின் கறுப்பினத் தாளக் கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனும் அதில் வாசித்தார்.

1888 வரை அடிமை முறையைச் சட்டமாகவே வைத்திருந்த நாடு அது. கறுப்பர்களின் கபோய்ராவை 1890இன் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. அப்படி ஒடுக்கப்பட்டவர்களின் தாளம்தான் பிரேசில் மெட்டலுக்கு உலகத்தில் தனி முகம் கொடுத்தது.

பாராட்டிட்டுப் போயிடலாம். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. தாளம் ஷவான்தேயுடையது; அட்டையில் பெயர் செபுல்துராவுடையது. தேடிப்போய்ச் சேர்ந்து பாடியது மரியாதைதான், மறுக்கலை. இருந்தாலும் தன் தாளத்துக்கே ஒரு சனம் விருந்தாளியா ஆகலாமா?

இங்கேயும் மேடையில் பறை முழங்குது. கைதட்டுறாங்க. அடிக்கிறவனைச் சாவு வீட்டுக்குக் கூப்பிடுறது நின்னுச்சா? இரைச்சல்னு சொன்னதை இசைன்னு ஒத்துக்கிட்டா மட்டும் போதுமா, அடிக்கிற கைக்கு என்ன கிடைச்சுது? இதை விவாதிக்கணும் தோழர்களே.