நான்காண்டுச் சம்பளமும் நாற்பதாண்டு வாழ்க்கையும்

(காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்களிடையே இரவுப் பள்ளி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொல்லித்தான் தோழர்கள் என்னை அழைத்தார்கள். ஆனால் போன வாரம் இங்கே ஒரு தம்பி கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்குத் தலைப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். "அக்கா, அக்னிவீருக்குப் போனா எடுத்ததும் முப்பதாயிரம். கம்பெனிக்குப் போனா பதினைஞ்சாயிரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. விடிவதற்கு முன்பே எழுந்து 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகும் பையனிடம், "ராணுவம் வேண்டாம், போய்ப் படி" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. அதனால் முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டு 40,000. ஆனால் இதில் 30 விழுக்காடு பிடித்தம். முதலாண்டு கையில் வருவது 21,000, கடைசி ஆண்டு 28,000. நான்காண்டும் சேர்த்து ஏறத்தாழ 11.7 லட்சம். பிடித்த பணம் 5 லட்சம், அதே அளவு அரசு போடும் 5 லட்சம், வட்டி, எல்லாம் சேர்ந்து வெளியே வரும்போது சேவா நிதியாகச் சுமார் 11.7 லட்சம், வருமான வரி இல்லாமல். ஆக, நான்காண்டில் 23 லட்சத்துக்கு மேல். சாப்பாடும் தங்குமிடமும் உடுப்பும் தனி.

இப்போது கம்பெனி வேலை. என் சித்தி மகன் ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி. கையில் வருவது பதினைந்தாயிரம். நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறைக்கு வாடகை, மெஸ் சாப்பாடு போக, வீட்டுக்கு அனுப்புவது ஏழாயிரமோ எட்டாயிரமோ. நான்காண்டு முழுக்க வேலை இருந்தால்கூட அவன் மொத்தமாகப் பார்ப்பது ஏழு லட்சம் சொச்சம். ஒப்பந்தம் முடிந்தால் சேவா நிதியும் கிடையாது, சல்யூட்டும் கிடையாது.

எனவே தம்பி சொன்னது சரி. நான்காண்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், பிளஸ் டூ முடித்த ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய தனியார் வேலைகளைவிட அக்னிவீர் சம்பளம் அதிகம். இதை மறைத்துப் பேசினால் நம் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஆனால் கணக்கை நான்காண்டோடு ஏன் நிறுத்த வேண்டும்?

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ராணுவத்தில் இருந்தவர். வடாற்காட்டுப் பக்கம் எங்கள் காலனியில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றால் எங்கள் வீடுதான். எல்லையில் நின்றுவிட்டு வந்தவருக்கும் ஊர் டீக்கடையில் தனிக் குவளைதான். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. மாதம் பிறந்தால் அவருக்கு ஓய்வூதியம் வந்தது. அதை நிறுத்தும் அதிகாரம் ஊரில் எந்த நிலவுடைமையாளனுக்கும் இல்லை. கூலிக்குப் போகாமல் இருக்கலாம். கூப்பிட்ட குரலுக்கு ஓடாமல் இருக்கலாம். அந்தப் பணத்தில்தான் என் அம்மா ஆசிரியர் பயிற்சி படித்தார். அம்மாவின் சம்பளத்தில் நான் முனைவர் பட்டம் வரை வந்திருக்கிறேன். அவர் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. எங்களைத் தூக்கி நிறுத்தியது ஓய்வூதியம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். பள்ளிக்கூட வாசலை நமக்கு அடைத்து வைத்திருந்த காலத்தில், படையினரின் பிள்ளைகளுக்குப் படையே கல்வி கொடுத்தது.

அதே வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பம்பாய்ப் படையில் மகர்களும், மதராஸ் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் பறையர்களும் பெருமளவில் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், 'போர்வீர இனங்கள்' என்ற கோட்பாட்டைப் பிரிட்டிஷார் கையில் எடுத்தார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். கதவு திறக்கவில்லை. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டது. 1917இல் மகர் படைப்பிரிவு அமைத்தார்கள். போர் முடிந்தது, 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் மறுபடி ஆள் தேவைப்பட்டது. அம்பேத்கரும் வலியுறுத்திய பின், 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது.

தேவைப்படும்போது அழைப்பது, தேவை முடிந்ததும் அனுப்புவது. இது நமக்குப் புதிதல்ல. முன்பு ஒரு படைப்பிரிவுக்குச் செய்ததை இப்போது ஒவ்வொரு இளைஞனுக்கும் தனித்தனியாகச் செய்கிறார்கள்.

அக்னிபத்துக்கு முன்பு ஒரு சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700, ராணுவப் பணி ஊதியம் 5,200, அதற்கு மேல் அகவிலைப்படி. பதினைந்து ஆண்டு முடித்தால் வாழ்நாள் ஓய்வூதியம். முன்னாள் படைவீரர் என்ற தகுதி. அதை வைத்து மருத்துவம், கேண்டீன். நான்காண்டில் வெளியே வரும் அக்னிவீருக்கு இவை எதுவும் இல்லை. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு உண்டு. ஆனால் மற்ற சிப்பாயின் மனைவிக்கோ தாய்க்கோ மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் இவர்களுக்குக் கிடையாது. அதே காவல் முகாம், அதே பனி, அதே குண்டு. பின்னால் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் வேறு சட்டம்.

நான்காண்டு முடிந்ததும் 25 விழுக்காடு வரை நிரந்தரமாக்குவோம் என்கிறார்கள். நூறு பேரில் எழுபத்தைந்து பேர் வெளியே. உள்ளே வைக்கும் இருபத்தைந்து பேரில் நமக்கு இடம் எத்தனை? படைவீரர் பணிகளில் இட ஒதுக்கீடு கிடையாது. ஆள்சேர்ப்பு முகாமில் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் அதைக் காட்டி நீங்கள் உரிமை எதையும் கேட்க முடியாது. இந்த முரண்பாட்டை யோசித்துப் பாருங்கள்.

இப்போது அரசுத் துறையின் கடைநிலை வேலைகளைப் பக்கத்தில் வையுங்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200. குரூப் 4இல் வரும் இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் 19,500. அகவிலைப்படி தனி. பார்வைக்கு முப்பதாயிரத்தைவிடச் சின்ன எண். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தையும் நிறுத்திவிட்டார்கள். அதற்காக ஊழியர்கள் நடத்திய போராட்டங்களை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் வேலை 60 வயது வரை. பதவி உயர்வு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என்று சட்டப்படி இடம் உண்டு. அங்கே நீங்கள் நுழைவது யாருடைய தயவிலும் அல்ல.

"அப்போ போக வேண்டாமா அக்கா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு வரும் ஆய்வு உதவித்தொகையும் ஐந்தாண்டோடு முடிவதுதான். நானும் ஒரு வகை அக்னிவீர்தான். முடிவுத் தேதி உள்ள வேலையில் இருப்பவள் என்ற முறையில் மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, ராணுவத்துக்கு ஓடுகிற அதே கால்களோடு காவலர் தேர்வுக்கும் ஓடுங்கள். குரூப் 4க்கும் விண்ணப்பியுங்கள். ஒரே கதவை நம்பி நிற்காதீர்கள்.

இரண்டு, போவதென்றால் படிப்பை விடாதீர்கள். அக்னிவீர்களுக்கென்று இக்னோவில் பட்டப்படிப்பு இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் கையில் பட்டம் இல்லாமல் வெளியே வந்தால், பயிற்சி பெற்ற உடம்பைக் கேட்டு வாசலில் நிற்பது செக்யூரிட்டி ஏஜென்சிதான்.

மூன்று, இது பெற்றோர்களுக்கு. அந்தப் பதினொரு லட்சம் உங்கள் வீட்டுத் தளத்துக்கோ மகளின் சீருக்கோ வந்த பணம் அல்ல. உங்கள் பிள்ளைக்கு வராமல் போன ஓய்வூதியத்தின் சில்லறை அது. அவன் அடுத்த படிப்புக்கும் பிழைப்புக்கும் அதை விட்டுவிடுங்கள்.

தனி ஆள் செய்யக்கூடியது இவ்வளவுதான். அமைப்பாக நாம் கேட்க வேண்டியவை வேறு: பணியாற்றிய அனைவருக்கும் முன்னாள் படைவீரர் தகுதி, இறந்தவர் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், நிரந்தரமாக்கப்படும் இடங்களில் நம் பங்கு. "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும்போதே, "எத்தனை வருஷத்துக்கு? நான் இல்லாவிட்டால் என் வீட்டுக்கு என்ன?" என்றும் கேட்கப் பழகுவோம்.

நாளைக் காலையும் ஓடுங்கள். ஓடி முடித்து வந்து இங்கே உட்கார்ந்து படியுங்கள்.

ஜெய்பீம்.