சலவை இயந்திரத்தின் நடுக்கம்



சலவை இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பாடசாலை அதிபர், அதுவும் கலைப்பட்டதாரியான ஒருவர், வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பொறியியலை நான் முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் என் வீட்டில் நேர்ந்த ஒரு தவறும், அதனால் அயலவர்முன் நான் அடைந்த வெட்கமும், இவ்விடயத்தை ஆராய்ந்து அறியுமாறு என்னைத் தூண்டின. அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாடிவீடு ஒன்றின் மேற்றளத்தில் நாங்கள் குடியிருந்தோம். முன்புறத்தே கதவுள்ள புதிய சலவை இயந்திரம் ஒன்றை வாங்கினோம். துணி தோய்க்கும்வரை அது சாதுவாகவே இருக்கும். நீரைப் பிழிந்தகற்றச் சுழலத் தொடங்கியதுந்தான் அதன் கோலம் மாறிவிடும். நிலம் அதிர, கதவுகள் கிடுகிடுக்க, நின்ற இடத்தைவிட்டு அது நடக்கவே தொடங்கிவிடும். கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்களின் மகள் அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளுடைய தாயார் படியேறி வந்து, "ஐயா, நீங்கள் பாடசாலை நடத்துபவர். உங்களுக்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை" என்று மட்டும் கூறிவிட்டுத் திரும்பிச் சென்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நான் செய்தது என்ன தெரியுமா? இயந்திரத்தின் கால்களுக்கிடையே மரச்சக்கைகளை அடித்து இறுக்கினேன். மேலே கருங்கல் ஒன்றைத் தூக்கி வைத்தேன். அதுவும் போதாதென்று கயிற்றினால் சுவரோடு சேர்த்துக் கட்டினேன். இயந்திரம் நடப்பது நின்றது. ஆனால் அதிர்வோ சுவர்வழியாகவும் தளத்தின்வழியாகவும் இறங்கி, கீழ்வீட்டில் முன்னையிலும் அதிகமாக ஒலித்தது.

நேயர்களே, இந்த நடுக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். ஈரத்துணி உருளையினுள்ளே எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. ஒரு பக்கத்தில் அரைக் கிலோகிராம் துணி கூடுதலாக ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். உருளையின் ஆரை 25 சென்ரிமீற்றர். வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த அரைக் கிலோகிராம் துணி ஏறத்தாழ 200 கிலோகிராம் நிறைக்கு ஈடான விசையோடு உருளையை வெளிநோக்கி இழுக்கிறது. அவ்விழுப்பு ஒரு பக்கமாகவும் நிற்பதில்லை; செக்கன் ஒன்றுக்கு 20 முறை வட்டமிட்டுத் திசை மாறுகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தவர்கள் கையில் உணரும் இழுப்பும் இதுவே. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். ஆகவேதான் தோய்க்கும்போது சாதுவாயிருக்கும் இயந்திரம் பிழியும்போது சீறுகிறது.

இவ்வளவு பெரிய விசையைக் கட்டி அடக்கலாம் என்று எண்ணியவன் நான் ஒருவன் மாத்திரமல்லன். அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டு பெண்டிக்ஸ் நிறுவனம் வீடுகளுக்கென்று தானியங்கிச் சலவை இயந்திரத்தை வெளியிட்டபோது, அதனை நிலத்தோடு திருகாணியிட்டுப் பிணைக்கவேண்டியிருந்தது. வீட்டின் தரையே அந்த அதிர்வைத் தாங்கியது.

இதற்கு மாற்றுவழி சலவைத்தொழிலுக்குப் புறம்பான ஓரிடத்தில் முன்னரே தோன்றியிருந்தது. சுழலும் தண்டு ஒன்றுக்கு ஓர் எல்லை வேகம் உண்டென்றும், அதனைக் கடந்து அதைச் சுழற்ற இயலாதென்றும் 1869ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து அறிஞர் றாங்கின் எழுதினார். ஆனால் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் கருவியால் பெயர்பெற்ற சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் டி லாவல், 1880களின் இறுதியில் தமது நீராவிச் சுழலிக்குத் தடித்த தண்டை விடுத்து, வளையக்கூடிய மெல்லிய தண்டையே பொருத்தினார். எல்லை வேகத்தை நெருங்கியபோது தண்டு நடுங்கியது. அதனைக் கடந்ததும் நடுக்கம் அடங்கிவிட்டது! அச்சுழலிகள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை அமைதியாகச் சுழன்றன. இதன் காரணத்தை 1895இல் ஜேர்மனியரான ஃபொப்பிளும், 1919இல் ஜெஃப்கொத் என்னும் ஐரிஷ் பொறியியலாளரும் கணிதமுறையில் விளக்கினர்.

அக்காரணம் இதுதான். எல்லை வேகத்துக்கு மேலே, சுழலும் பொருள் நாம் விதித்த அச்சைவிட்டுத் தன்னுடைய திணிவு மையத்தைச் சுற்றியே சுழல முற்படுகிறது. அதற்குச் சிறிதளவு இடங்கொடுத்தால் அது தானே அமைதியடைந்துவிடும். இடங்கொடாது இறுக்கிப் பிடித்தால், பிடித்தவன்தான் நடுங்கவேண்டும்.

இன்றைய சலவை இயந்திரம் இந்த உண்மையின்மீதே அமைந்திருக்கிறது. உள்ளேயிருக்கும் நீர்த்தொட்டியும் உருளையும் மோட்டாரும் வெளிப்பெட்டியோடு பிணைக்கப்படவில்லை. ஏணையில் குழந்தை கிடப்பதுபோல, பெட்டியின் மேற்புறத்திலிருந்து வரும் கம்பிச்சுருள் விற்களில் அவை தொங்குகின்றன. கதவையும் தொட்டியையும் இணைப்பதுகூட மடிப்புமடிப்பான இறப்பர் வளையமே. மேற்புறத்தே மூடியுள்ள இயந்திரங்களில், நான்கு மூலைகளிலிருந்து இறங்கும் கோல்களின் நுனியில் விற்கள் பொருத்தப்பட்டிருக்கும். கரடுமுரடான பாதையிலும் இருப்பவர் உடல் நோகாமல் எங்கள் முன்னோர் பயணம்செய்த வில்வண்டியை எண்ணிப்பாருங்கள். தத்துவம் ஒன்றே, அங்கே பாதையின் குலுக்கல் வண்டிக்குள் ஏறாமல் வில் தடுத்தது, இங்கே தொட்டியின் குலுக்கல் தரையில் இறங்காமல் வில் தடுக்கிறது.

எவ்வளவு தடுக்கிறது? தொங்கும் தொட்டியின் இயல்பான ஆட்டம் நிமிடத்துக்கு 200 முறை எனக் கொள்வோம். 1,200 சுற்று என்பது அதன் ஆறு மடங்கு. ஆறின் வர்க்கம் முப்பத்தாறு. அதில் ஒன்று குறைய முப்பத்தைந்து. விற்களின்வழியே பெட்டிக்குச் செல்லும் விசை முப்பத்தைந்தில் ஒரு பங்காகிறது. முன்னர் சொன்ன 200 கிலோகிராம் ஆறு கிலோகிராமுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் வில் மாத்திரம் போதாது. வேகம் ஏறும்போது அந்த 200 சுற்றைக் கடந்துதானே போகவேண்டும்? ஊஞ்சல் திரும்பி வருகின்ற சரியான தருணத்தில் தள்ளத் தள்ள அது உயர்ந்துகொண்டே போவதுபோல, அவ்வேகத்திலே தொட்டியின் ஆட்டமும் பெருகும். இதனைப் பரிவு என்பர். அதனை அடக்கவே தொட்டியின் அடியில் தணிப்பிகள் உள்ளன. கிறீஸ் தோய்ந்த மெத்தென்ற பட்டை ஒன்று குழாய்க்குள்ளே உராய்ந்து ஆட்டத்தின் வேகத்தை விழுங்கிவிடும். இந்தத் தணிப்பை அளவுக்கு மிஞ்சி வைத்தலும் ஆகாது. மிகுவேகத்தில் அதுவே பாலமாகி அதிர்வைப் பெட்டிக்குக் கடத்தும்.

தொட்டியோடு சேர்த்துக் கனத்த கொங்கிறீற்றுக் கட்டிகளைப் பூட்டியிருப்பதும் காரணத்தோடுதான். தொங்கும் பகுதி 25 கிலோகிராமாயின் அரைக் கிலோகிராம் துணி அதனை ஐந்து மில்லிமீற்றர் அசைக்கும். 50 கிலோகிராமாயின் இரண்டரை மில்லிமீற்றரே அசைக்கும். நான் வைத்த கருங்கல்லும் பாரந்தான். ஆயின் நான் அதை வைத்தது வெளிப்பெட்டியின்மேல். வைக்கவேண்டிய இடம் உள்ளே தொங்கும் தொட்டி.

இனி என் கதைக்கு வருகிறேன். இறுதியில் இயந்திரம் திருத்தும் இளைஞர் ஒருவரை அழைத்தேன். அவர் கயிற்றையும் கல்லையும் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. இயந்திரத்தின் பின்புறம் சென்று நான்கு நீண்ட திருகாணிகளைக் கழற்றி என் கையில் தந்தார். ஏற்றியிறக்கும்போது தொட்டி அடிபடாமலிருக்க, தொழிற்சாலையில் அதனைப் பெட்டியோடு பூட்டி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிவிடவேண்டும். கூடவந்த கைந்நூலின் முதற் பக்கங்களிலேயே அது எழுதியிருந்தது. மாணவரைப் பார்த்து, "வினாவை முழுமையாக வாசியுங்கள்" என்று முப்பது ஆண்டுகளாகக் கூறிவந்த நான், அதனை வாசிக்கவில்லை!

ஆகவே நேயர்களே, சில விடயங்களை மனத்திற் கொள்ளுங்கள். புதிய இயந்திரமாயின் அந்தத் திருகாணிகளைக் கழற்றி, வீடு மாறும் நாளுக்கென்று பத்திரப்படுத்துங்கள். நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தில் ஊன்றியுள்ளனவா என்று மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்து, கால்களின் சுரைகளை இறுக்குங்கள். நீர் குடிக்கும் கனத்த விரிப்பொன்றைத் தனியே இடாமல் வேறு துணிகளோடு சேர்த்து இடுங்கள். பழைய இயந்திரமாயின், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொட்டியைக் கீழே அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. பலமுறை துள்ளினால் தணிப்பி தேய்ந்துவிட்டது என்று அறிந்து, காலந்தாழ்த்தாது மாற்றுங்கள்.

அன்று மாலை இயந்திரத்தை இயக்கிவிட்டு, நானே படியிறங்கிக் கீழ்வீட்டுக்குச் சென்றேன். மேலே மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்டது. அந்தப் பிள்ளை தன் பௌதிகவியல் நூலிலிருந்து தலைநிமிர்ந்து, "எப்படி ஐயா நின்றது?" என்று கேட்டாள். நான்கு திருகாணிகளையும் அவளுடைய மேசைமேல் வைத்தேன். திறந்திருந்த பாடத்தில் பரிவைப் பற்றிய பக்கத்தை அவளே புரட்டி எடுத்து எனக்கு விளக்கினாள். அன்று நான் மாணவனாயிருந்தேன்.