மலிவுத் தேன் யார் கேட்டது?

(தலைப்பு: கலப்படம் பெருகக் காரணம் விற்பவரா? வாங்குபவரா? ‘வாங்குபவரே’ அணியில் பேசியது)



விற்கிறவன்தான் திருடன்னு எதிரணித் தலைவர் முழங்கிட்டுப் போனார். நான் இல்லைன்னு சொல்லலை. அந்தத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யாருங்கிறதுதான் என் கேள்வி.

இதே கரையான்சாவடியிலதான். ஆவடி பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டிருந்தேன். ஒருத்தர் அலுமினிய அன்னக்கூடையில தேனடையோட உட்கார்ந்திருந்தார். மேலே ரெண்டு செத்த தேனீ மிதக்குது. அதைவிட என்ன சாட்சி வேணும்? ‘பாட்டில் 600 ரூபா’ன்னார். நான் பேரம் பேசி 200-க்கு வாங்கிட்டேன். வீட்டுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்னேன். என் மாமியார் ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: “மாப்பிள்ளை, அரிசி மாவு இருக்கு. இதுல அதிரசம் போட்டுடலாமா?” (சிரிப்பு)

பழைய அடையைப் பாகுல முக்கி எடுத்துட்டா, நம்ம கண்ணெதிரிலேயே பிழிஞ்சு கொடுக்கலாம். சரி, வீட்டுச் சோதனை இருக்கேன்னு சொல்வீங்க. தண்ணியில விட்டா அடியில போகணும், எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் நக்கக் கூடாது! கெட்டிப் பாகும் அடியிலதான் போகும். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். நாயை நம்பித் தேன் வாங்குற ஒரே கூட்டம் நாமதாங்க.

கடைப் பாட்டில் மட்டும்? கொரோனா காலத்துல தேன் விற்பனை எகிறியது. ஆனா தேனீ வளர்க்கிற வட இந்திய விவசாயிக்கு விலை கூடலை. ‘அப்போ பாட்டிலில் இருப்பது என்ன?’ என்று டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேடிப் போனது. 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனி ஆய்வுக்கூடம் வரை அனுப்பியது. எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே என்று 2020 டிசம்பரில் அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், பாதிக்குப் பாதி பாகு கலந்து அந்த மையமே அனுப்பிய மாதிரி, நம் நாட்டுச் சோதனையில் தேறிவிட்டது! அதுக்கேத்த மாதிரி பாகு காய்ச்சுறாங்க ஐயா!

ஆய்வுக்கூடமே ஏமாந்தா நாம என்ன செய்யறது? கணக்குக் கேளுங்க. ஒரு தேனீ ஆயுள் முழுக்கப் பறந்து சேர்ப்பது டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அது எப்படிச் சர்க்கரை விலைக்கு வரும்? எந்த ஊர்த் தேன், எந்த மாசம் எடுத்ததுன்னு கேளுங்க. கிலோவா லிட்டரான்னு கேளுங்க. ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ. அரை லிட்டர் பாட்டிலைக் கொடுத்து ‘ஒரு கிலோ’ன்னா, அதுல இருக்கிறது 700 கிராம். தேனே நல்ல தேனா இருந்தாலும் அளவுல போச்சு.

என்கிட்ட எம்.ஏ. படிச்ச பையன் ஒருத்தன், மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வச்சிருக்கான். ரப்பர் துளிர்க்கிற தை, மாசியில இலைக்காம்புல சுரக்கிற தேன் அது. சீக்கிரம் உறைஞ்சு மணல் மாதிரி ஆயிடும். அதுதான் அதன் இயல்பு. ஒரு பாட்டில் கொண்டு வந்தான். “கிலோ 450 ஆகுதுங்க ஐயா. கீழே உறைஞ்சிருக்கு, வெந்நீர்ல வச்சா இளகிடும்” என்றான்.

தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்கின நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சர்க்கரை உறைஞ்சிருக்கேப்பா! கரையான்சாவடியில 200-க்கே கிடைக்குது.”

அவன் ஒண்ணும் பேசலை. பாட்டிலைத் துணியில சுத்திப் பைக்குள்ள வச்சுக்கிட்டான். அப்புறம்தான் மாமியார் ருசி பார்த்த கதையெல்லாம். அவனுக்கு போன் போட்டேன். “பாதிப் பெட்டியை வித்துட்டேன் ஐயா, கட்டுப்படியாகலை” என்றான். மிச்சப் பெட்டித் தேனில் எனக்கு ரெண்டு கிலோ சொல்லி வச்சிருக்கேன், அவன் சொன்ன விலைக்கே.

நடுவர் மணி அடிச்சுட்டார். (கைதட்டல்)