தாடைக் கட்டியும் நமது கடமையும்

(கூடங்குளத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, குளத்து மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். காய்ச்சலைப் போலவோ நீரிழிவைப் போலவோ வீட்டுக்கு வீடு காணும் நோயன்று அது. பல ஊர்களைச் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் ஒருவரோ இருவரோதான் தென்படுவர். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் எழுந்து தாடையைப் பற்றும் கட்டியே அந்நோய்.

அரிய நோய்க்கு இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அரிதாக இருப்பதுதான் அதன் ஆபத்து. நாம் முன்பு கண்டறியாத ஒன்றை, நமக்குத் தெரிந்த வேறொன்றாக எண்ணிக் கொள்கிறோம். பல்வலி என்று பல்லைப் பிடுங்குகிறோம். சிலந்திக் கட்டி என்று பற்றுப் போடுகிறோம். இவ்வாறு மாதங்கள் கழிகின்றன. எளிதில் நீக்கத்தக்கதாக இருந்த கட்டி, தாடை எலும்பையே அகற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

முதலில் நம் உடலின் அமைப்பை அறிந்து கொள்வோம். உணவை நனைத்து விழுங்கச் செய்யும் உமிழ்நீர், நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. இதைச் சுரப்பவை மூன்று இணைப் பெரிய சுரப்பிகள். காதின் முன்னும் கீழும் இருப்பது செவியடிச் சுரப்பி. கீழ்த்தாடையின் உட்புறம் இருப்பது தாடையடிச் சுரப்பி. நாக்கின் கீழ் இருப்பது நாவடிச் சுரப்பி. இவையன்றி அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறம் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் பரவியிருக்கின்றன.

இச்சுரப்பிகளில் எழும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. செவியடிச் சுரப்பியில் எழும் கட்டிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது தீங்கற்றவை. தாடையடிச் சுரப்பியிலோ ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருக்கும். நாவடிச் சுரப்பியில் எழுபவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயே. சுரப்பி சிறியதாகச் சிறியதாக ஐயம் பெரிதாக வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். தீங்கற்ற கட்டிகளையும் அப்படியே விட்டுவிடலாகாது. அவற்றுள் சில, பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுவதுண்டு.

காதடியில் வீக்கம் கண்டவுடன் நம் கிராமங்களில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, குழந்தையின் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவிக்கிறார்கள். பொன்னுக்கு வீங்கி ஒரு தொற்றுநோய். காய்ச்சலும் வலியுமாக வந்து, பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தானே வடிந்துவிடும். வீக்கம் வடிந்ததும் சங்கிலிக்குப் பெருமை சேர்கிறது! ஆனால் காய்ச்சலின்றி, வலியின்றி, ஒரே பக்கத்தில் மெல்ல வளரும் கட்டி பொன்னுக்கு வீங்கியன்று. அதற்குத் தங்கம் உதவாது, மருத்துவரே உதவுவார்.

மற்றொரு வகையும் உண்டு. உண்ணும் வேளையில் தாடையின் கீழ் வீங்கி வலித்து, உண்டபின் சிறிது சிறிதாக வடியுமாயின், உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். இதுவும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதே. ஆனால் இதைப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய அடையாளங்கள் எவை? மூன்று வாரங்களுக்கு மேலும் மறையாத கட்டி. கல்லைப் போல் கெட்டியாகி அசையாதிருக்கும் கட்டி. கீழுதட்டிலும் மோவாயிலும் மரத்துப் போன உணர்ச்சி. முகத்தின் ஒரு பக்கம் தொங்குதல். சொத்தையின்றியே ஆடும் பற்கள். பல் பிடுங்கிய குழி ஆறாமல் சதை வளர்தல். வாய் திறக்க இயலாமை. அண்ணத்தில் வலியற்ற புடைப்பு. நேற்றுவரை பொருந்திய பல்செட் இன்று பொருந்தாமை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தலாகாது.

இத்தகைய கட்டிகளுள் மிக அரிதானது தாடை எலும்பின் உள்ளேயே தோன்றுவது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களுள் மியூகோ எபிடெர்மாய்டு கார்சினோமா என்பதே மிகுதியாகக் காணப்படுவது. அந்நோய் கண்ட நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கே அது எலும்பினுள் எழுகிறது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களின் பக்கத்தில் அதிகம். சுரப்பியே இல்லாத எலும்பினுள் அது எவ்வாறு வந்தது? முளைக்காத பல்லைச் சுற்றியுள்ள நீர்ப்பையின் உட்சவ்வு மாறுதலடைந்து தோன்றலாம் என்றும், கருவில் தாடை உருவாகும்போது சுரப்பித் திசு உள்ளே சிக்கிக் கொண்டிருக்கலாம் என்றும் மருத்துவர்கள் கருதுகிறார்கள். எக்ஸ்ரே படத்தில் இது சாதாரண நீர்ப்பையைப் போலவே தோன்றும். ஆகவே தாடையிலிருந்து எடுக்கப்பெற்ற எந்தச் சதையையும் எறிந்துவிடாமல் நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்புவது இன்றியமையாதது. அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

நோயை உறுதி செய்யும் முறை படிப்படியானது. மருத்துவர் கையால் தடவிப் பார்த்து, முகத்தின் அசைவையும் கழுத்தின் நெறிக்கட்டிகளையும் சோதிப்பார். பின்னர் ஒலி அலைப் படம் எடுக்கப்படும். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இம்மெல்லிய ஊசிச் சோதனையைப் பொறுத்தவரை அவ்வச்சத்திற்கு இடமில்லை. எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும், நரம்பின் வழியே நோய் ஊர்ந்திருக்கிறதா என்று காண எம்.ஆர்.ஐ. படமும் பயன்படுகின்றன.

உண்மையில் ஆபத்து விளைவிப்பது வேறொன்று. சீழ்க்கட்டி என்று எண்ணி, பயிற்சியற்றவர் கத்தியால் கீறுவதே அது. செவியடிச் சுரப்பியின் ஊடே முகத்தை இயக்கும் நரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. தவறான ஒரு கீறலால் கண் மூடாமலும் வாய் கோணியும் போகலாம். கட்டியின் உறை கிழிந்து உள்ளிருப்பது சிதறினால், ஒரு கட்டி இருந்த இடத்தில் பல கட்டிகள் முளைக்கும்.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். வயலில் கோரையைக் களைந்தவர்களுக்கு நாம் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மேல் புல்லைப் பறித்தால் பசுமை மறையும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும் வரை கோரை மீண்டும் தலையெடுக்கும். தாடை எலும்பினுள் உள்ள புற்றுநோயைச் சுரண்டி மட்டும் எடுத்தால் அது திரும்ப வருவது மிகுதி. சுற்றிலும் நல்ல எலும்பு தென்படும் வரை சேர்த்து வெட்டி எடுப்பதே உறுதியான வழி. அவ்வாறு எடுத்த இடத்தை, காலின் வெளிப்புறத்திலுள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்திச் சீர்செய்கிறார்கள். அக்கால் எலும்பை இழந்தவர் மீண்டும் நடக்கலாம், வேலையும் செய்யலாம்.

கட்டி கொடிய வகையானால், அல்லது வெட்டிய விளிம்பில் நோய் எஞ்சியிருந்தால், அறுவைக்குப் பின் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படும். அதைத் தொடங்குமுன் சொத்தைப் பற்களைச் சீர்செய்து கொள்ள வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். மேலும், அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்னும் வகை நரம்புகளின் வழியே பரவி, பத்தாண்டுகள் கழித்தும் திரும்பி வருவதுண்டு. ஆகையால் நலமடைந்தவரும் மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாமல் சென்று காட்டிக் கொள்ள வேண்டும்.

இச்சிகிச்சைகள் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. நமக்கு அண்மையிலுள்ள நெய்யூரில், எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற 1922, 1924 ஆம் ஆண்டுக் குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு அறுவையும் ரேடியச் சிகிச்சையும் அளித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கப்பெற்றது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் அமைந்தது. அதன் மருத்துவமனையில் இன்று அறுவை, கதிர்வீச்சு ஆகிய சிகிச்சைகளுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. நிலத்தை அடகு வைக்கும் முன் இக்காப்பீட்டு அட்டையைத் தேடி எடுங்கள்.

கூடங்குளத்தில் நின்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 2013-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. கழுத்தில் ஒரு கட்டி கண்டால், அதனால் வந்ததோ என்று மனம் பதறுவது இயல்பே. 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களிடையே உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் மிகுந்தன என்பதும், பெற்ற கதிர்வீச்சு கூடக்கூட அவை கூடின என்பதும் ஆராய்ச்சி கண்ட உண்மை. ஆனால் அது குண்டு வெடித்தபோது உடலில் பாய்ந்த கதிர்வீச்சைப் பற்றிய முடிவு. அதை எடுத்து, ஓர் ஊரில் எழுந்த ஒரு கட்டிக்குக் காரணம் கற்பிக்க இயலாது. கதிர்வீச்சே படாதவர்களுக்கும் உலகெங்கும் இந்நோய் வருகிறது.

ஐயம் உள்ளவர்கள் அதை வதந்தியாக்காமல் கணக்காக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதையும் தழுவிய புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கப்பெற்றது. மருத்துவமனைக்குச் சென்று நோய் உறுதி செய்யப்பட்டவரே அக்கணக்கில் சேர்வார். வீட்டிலேயே மறைந்திருந்து மடிந்தவர் எக்கணக்கிலும் சேரமாட்டார். ஆகவே காலத்தில் மருத்துவரை நாடுவது தன் உயிரைக் காப்பதோடு, ஊரின் கேள்விக்கு விடை காணவும் துணை செய்கிறது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் நான்கு. முதலாவது, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு முறையேனும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து வாய்ப் பரிசோதனை நடத்துங்கள். அரிய சுரப்பிக் கட்டி அதில் அகப்படாமற் போனாலும், புகையிலையால் விளையும் வாய்ப் புற்றுநோய் தொடக்கத்திலேயே அகப்படும். அதுவே பெரும் பயன். இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பணியாளரிடம், மூன்று வாரம் ஆறாத கட்டியோ புண்ணோ உள்ளவரைச் சொல்லுங்கள். மூன்றாவது, காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு வருமானச் சான்று பெற உதவுங்கள். நான்காவது, சிகிச்சை பெற்று முகத்தில் தழும்போடு ஊர் திரும்புகிறவரைக் கூட்டத்தில் ஒதுக்காதீர்கள். இந்நோய் ஒட்டுவதன்று, அவரோடு உண்ணலாம், உறவாடலாம்.

விவசாயப் பெருமக்களே! பயிரில் ஓர் இலை மஞ்சளித்தால் வரப்பில் நின்று ஆராய்கிறீர்கள். நாள்தோறும் முகம் கழுவும்போது அதே கண்ணோடு உங்கள் முகத்தையும் நோக்குங்கள். காதடியையும் தாடையடியையும் விரலால் தடவுங்கள். வாயைத் திறந்து அண்ணத்தையும் நாவடியையும் பாருங்கள். ஐயம் எழுந்தால் அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று காத்திராதீர்கள். வேலை அடுத்த வாரம் நடக்கலாம். மருத்துவரை இந்த வாரமே பார்த்து விடுங்கள்.