வானலை யாருடைய உடைமை?

(விருதுநகர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பருப்பும் மல்லியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் மலைமலையாகக் கைமாறும் ஊரிலே நின்று பேசுகிறேன். விருதுநகர்ச் சந்தை நிலவரம் ஏடுகளிலே வெளிவருகிறதே, அதனைப் படிக்கும் வணிகர் எவராவது, 'இதை எழுதியவன் எந்தக் கட்சி, எந்தச் சாதி, யாருக்கு வேண்டியவன்' என்று கேட்டதுண்டா? கேட்பதில்லை. உளுந்து மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட்டி எழுதிவிட்டால், பொழுது சாய்வதற்குள் பொய் சாயம் வெளுத்துவிடும். மறுநாள் அந்த ஏடு மல்லிப் பொட்டலம் மடிக்கப் பயன்படுமேயன்றி, படிக்கப் பயன்படாது. விலைச் செய்தியில் பொய் சொன்னால் சொன்னவனுக்கு நட்டம். அரசியல் செய்தியில் பொய் சொன்னால் கேட்டவனுக்கு நட்டம்; சொன்னவனுக்கோ பதவி உயர்வு! இந்த வேற்றுமையை விளக்கத்தான் இன்று மேடையேறியிருக்கிறேன்.

வானொலி நமக்கு வந்தது வெள்ளையன் காலத்தில். 1938 ஜூன் 16-இல் சென்னையிலும், அடுத்த ஆண்டு திருச்சியிலும் நிலையங்கள் திறந்தார்கள். ஆண்டவன் பேசினான்; ஆளப்பட்டவன் கேட்டான். 1947-இல் ஆண்டவன் கப்பலேறினான். ஆனால், ஒலிவாங்கியை மட்டும் மக்களிடம் கொடுக்காமல், அப்படியே டில்லி அமைச்சரின் மேசைமீது வைத்துவிட்டுப் போனான்!

நிலையத்தை வைத்துக்கொண்டார்கள், போகட்டும். பெயரையும் பிடித்துக்கொண்டார்கள். 'வானொலி' என்று வாய் மணக்கத் தமிழிலே ஒரு சொல் இருக்க, 1957-இல் 'ஆகாஷ்வாணி' என்றார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த ஊர்ப் பக்கம் வந்து கேட்க வேண்டாம். 'தமிழ்நாடு' என்ற பெயரையும் ஒரு கோரிக்கையாக முன்வைத்து, 1956 ஜூலை 27-இல் இதே விருதுநகரிலே உண்ணா நோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், எழுபது நாளுக்கு மேல் பட்டினி கிடந்து, அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். பேரறிஞர் அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகு, 1967-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, 1969-இல்தான் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயருக்காக ஒரு முதியவர் உயிரையே கொடுத்த மண் இது. அந்த மண்ணுக்கு 2023 மே திங்களில் மறுபடியும் ஓலை வந்தது: இனி எங்கும் 'ஆகாஷ்வாணி'தான் என்று!

டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்தார் சரோஜ் நாராயணசாமி அம்மையார். 2022-இல் மறைந்தார். அந்தக் கணீர்க் குரலுக்குத் தென்மாவட்டத்துத் தேநீர்க் கடைகள் எல்லாம் காது கொடுத்தன. அவர் குரலிலே நாம் குறை காணவில்லை. உச்சரிப்பிலே குறை காணவில்லை. அவர் கையிலே கொடுக்கப்பட்ட தாளை எழுதியவர் யார் என்பதுதான் நம் வழக்கு.

1965-ஐ எண்ணிப் பாருங்கள். இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், துப்பாக்கி பேசிற்று, தீக்குளித்து மாண்டார்கள் தமிழ் இளைஞர்கள். பிப்ரவரி 11-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாத்திரி வானொலியிலே பேசி, நேரு தந்த உறுதிமொழி காக்கப்படும் என்றார். நாடு செவிமடுத்தது. பிரதமருக்கு வேண்டும்போது ஒலிவாங்கி உடனே கிடைக்கிறது. குண்டடிபட்ட மாணவனின் தாய்க்கு என்றைக்குக் கிடைத்தது?

அப்போது செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் இந்திரா காந்தி அம்மையார். வானொலியைச் சீர்திருத்த 1964-இல் அமைக்கப்பட்ட சந்தா குழு, அரசின் பிடியிலிருந்து அதை விடுவித்துத் தன்னாட்சி அமைப்பாக்குங்கள் என்று 1966-இல் பரிந்துரை செய்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. அம்மையார் பிரதமர் நாற்காலிக்குப் போனார். 1975 ஜூன் 26 காலை, நெருக்கடி நிலை பற்றி நாட்டுக்கு அறிவித்ததும் அதே வானொலி வழியாகத்தான். அந்த ஆகஸ்ட் 15-இல் சென்னையிலே தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. பிறக்கும்போதே வாய்க்கட்டோடு பிறந்த பிள்ளை அது! 1976 ஜனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டபின் இங்கே ஏடுகள்மீது தணிக்கைக் கத்திரி எப்படி விளையாடியது என்பதை அந்நாளைய தோழர்களைக் கேளுங்கள்.

வரலாறு சில நேரங்களில் நாடக ஆசிரியனையே நாணச் செய்கிறது. 1984 அக்டோபர் 31 காலை, அம்மையார் சுடப்பட்டார். லண்டன் பி.பி.சி. உயிர் பிரிந்த செய்தியை உலகுக்குச் சொல்லிவிட்டது. டில்லி வானொலியோ மாலை வரை சொல்லவில்லை. வங்காளத்திலே சுற்றுப்பயணத்தில் இருந்த மகன் ராஜீவ், செய்தியை உறுதி செய்துகொள்ளக் காதைக் கொடுத்தது எதற்கு? தன் நாட்டு வானொலிக்கா? இல்லை, பி.பி.சி.க்கு! எந்த அமைச்சகத்தைத் தாய் ஒருகாலத்தில் ஆண்டாரோ, அதன் சொல்லைத் தாய்க்கு நேர்ந்ததை அறிவதற்கு மகன் நம்ப முடியவில்லை. எதிர்க்கட்சிக்காரன் சொன்ன குற்றச்சாட்டா இது? நம் வீடுகளிலும் அதுதானே நடந்தது? ஈழத்திலே இரத்தம் ஓடிய நாள்களில், கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பதை அறிய, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழோசையைத்தானே இரவில் திருப்பினோம்!

பிறகு சட்டங்கள் வந்தன. 1990-இல் பிரசார் பாரதிச் சட்டம். ஏழாண்டு உறங்கி 1997-இல் எழுந்தது. இடையில், 1995-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிற்று: வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று. அரசின் உடைமை என்று சொல்லவில்லை, தோழர்களே! ஆனால் பணம் யார் தருகிறார்? டில்லி. அதிகாரிகளை அனுப்புவது யார்? டில்லி. தன்னாட்சி என்று பலகை எழுதிவிட்டு, கடைச் சாவியைப் பழைய முதலாளியே இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்.

2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், தூர்தர்ஷன் செய்தியின் இலச்சினை காவி நிறம் பூண்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல், சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில், ஆளுநர் கலந்துகொண்ட இந்தி மாத விழாவிலே தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள். 'திராவிடம்' வரும் வரி மட்டும் காணாமற்போயிற்று! கவனக்குறைவு என்று நிலையம் வருத்தம் தெரிவித்தது. ஏற்றுக்கொள்வோம். ஆனாலும் ஓர் ஐயம்: கவனக்குறைவுக்குக் கூட இத்தனை கவனமாக வரி பொறுக்கத் தெரியுமா?

டில்லியை மட்டும் சாடிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போக நான் வரவில்லை. 2001 ஜூன் 30 பின்னிரவிலே கலைஞர் கைது செய்யப்பட்டார். ஒரு தொலைக்காட்சியிலே ஒரு காட்சி. மற்றொரு தொலைக்காட்சியிலே அதற்கு நேர்மாறான காட்சி. வீட்டில் எந்தப் பெட்டி ஓடியதோ அதுவே அந்த வீட்டின் உண்மையாயிற்று. கட்சிக்கு ஏடு இருக்கலாம், தொலைக்காட்சியும் இருக்கலாம். நம் கொடி நம் நெற்றியிலே ஒட்டியிருக்கிறது, படிப்பவர் தெரிந்தே படிக்கிறார். கொடி இல்லாத ஒரு குரல் நாட்டுக்கு வேண்டாமா? அதற்காகத்தானே மக்கள் பணத்தில் ஒரு நிலையம்? அந்த நிலையமும் கொடி பிடித்தால், இரு கட்சிக்காரன் சண்டையில் சாட்சி சொல்ல வேண்டியவனும் கட்சிக்காரனாகி விடுகிறான்.

இனி நம் வட்டாரத்துக்கு வருகிறேன்.

சிவகாசியிலே எல்லாக் கட்சிச் சுவரொட்டியும் ஒரே அச்சகத்தில் ஓடும்; மை மட்டும் மாறும். அதைச் சொல்லிச் சிரிக்கலாம். பட்டாசு ஆலைச் செய்தியைச் சொல்லிச் சிரிக்க முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். முதல் வெடி கேட்டு உதவிக்கு ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அதிலே அடக்கம். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. நான் சொல்லாமல் விட்ட ஊர்கள் இன்னும் எத்தனையோ!

வெடிச் சத்தம் கேட்டதும் பத்து ஊர்ப் பெண்கள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். எந்த ஆலை? எந்த அறை? மருந்து செலுத்தும் அறையா, உலர்த்தும் களமா? கைப்பேசியிலே முதலில் வருவது பழைய விபத்தின் படம். அடுத்து, ஆளுக்கொரு எண்ணிக்கை. உயிரோடிருப்பவனை இறந்தவன் என்கிறது ஒரு செய்தி. இறந்தவளை மருத்துவமனையில் நலம் என்கிறது இன்னொன்று. அந்த ஒரு மணி நேரத்திலே, 'உறுதி செய்யப்பட்டது இவ்வளவு. உறுதி செய்யப்படாதது இவ்வளவு. அந்தப் பக்கம் எவரும் போகாதீர்கள்' என்று நிதானமாகச் சொல்ல ஒரு குரல் இருந்தால், அது உயிர் காக்கும் குரல். அரசின் புகழ் பாடுவதைவிட அதற்குச் செலவும் குறைவு.

மறுநாள் செய்தியில் தவறாமல் வருவது ஒரு சொல்: 'உராய்வு'. உராய்வினால் விபத்தாம்! எது எதனோடு உராய்ந்தது? நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? உரிமம் ஒருவர் பெயரிலும் உள்குத்தகை வேறொருவர் கையிலும் இருந்ததா? நாக்பூரில் உரிமம் கொடுத்தவர் எத்தனை முறை வந்து பார்த்தார்? பேராசையும் பட்டினியும் உராய்ந்ததா? மூன்றாம் நாள் திரை இறங்கிவிடுகிறது. நாடகக்காரன் நான், திரை எப்போது தூக்கப்படுகிறது, எப்போது இறக்கப்படுகிறது என்று கவனிப்பது என் தொழில். இழப்பீட்டுக் காசோலை கை மாறும் காட்சியோடு திரை இறங்கினால், நாடகத்தின் பாதியை ஒளித்துவிட்டார்கள் என்று பொருள்.

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. பேரியம் உப்புக்கும் கட்டுப்பாடு வந்தது. டில்லிக் குழந்தையின் மூச்சுக்காக வந்த தீர்ப்பு. அந்தக் குழந்தையும் நம் குழந்தையே. ஆனால் அதன்பின் ஆலைகள் பூட்டிக் கிடந்தபோது, திரி வெட்டிப் பிழைத்த பெண்ணின் அடுப்பு எரிந்ததா என்று டில்லிச் செய்தியிலே கேட்டீர்களா? புகையைக் காட்டினார்கள், புகைக்குப் பின்னாலிருந்த முகத்தைக் காட்டவில்லை.

மதுரை வானொலியும் திருநெல்வேலி வானொலியும் இந்த வட்டாரத்துக்குக் கேட்கின்றன. அவற்றிடம் கேட்போம்: ஒவ்வொரு விபத்துக்கும் ஓராண்டு நிறைகிற நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விசாரணை என்னாயிற்று, உரிமம் திரும்பக் கொடுத்தார்களா, அறிவித்த தொகை முழுதும் வந்து சேர்ந்ததா என்று அந்த வீட்டாரையே பேச விடுங்கள். அதிகாரியும் பேசட்டும், ஆலை முதலாளியும் பேசட்டும். தோழர்களே, நாளைக்கே ஆளுக்கோர் அஞ்சலட்டை எழுதுங்கள். தமிழிலே எழுதுங்கள். பதில் இந்தியிலே வந்தால் கிழித்துவிடாதீர்கள். எனக்கு அனுப்பி வையுங்கள், சாத்தூர்க் கூட்டத்திலே எடுத்துக் காட்டிப் பேசுகிறேன்.