கையெழுத்துப் போடும் முன்னே...



மருத்துவக் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் நிறுவனங்களா, நம் கவனக்குறைவா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "பிரீமியம் வாங்கும்போது சிரிக்கிறான், கிளெய்ம் கேட்டால் முறைக்கிறான்" என்றார். எல்லாரும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, அவன் முறைப்பதற்கான காரணத்தை நாம்தானே எழுதிக் கொடுக்கிறோம்?

என் கதையையே சொல்கிறேன். பாலிசி எடுக்க ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். "வீட்டம்மாவுக்கு சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டா சார்?" என்றார். "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறா" என்றேன். "அது யாருக்கு சார் இல்லை? எழுதினா பிரீமியம் ஏறும், விடுங்க" என்றார். விட்டேன். அவர் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மாணவன் ஓர் ஒற்றெழுத்தை விட்டால் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவன் நான். என் படிவத்தில் ஒரு நோயே விட்டுப்போச்சு, நான் வாசிக்கவே இல்லை! (சிரிப்பு)

ஐந்தாம் வருஷத்தின் நடுவில் அவளுக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் உள்ளதை எழுதினார்: பத்து வருஷமாகச் சர்க்கரை. நிறுவனம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. உண்மையை மறைத்ததாக ஒரு கடிதம் வந்தது. அவள் வளையலை அடகு வைத்துத்தான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

உள்ளதை எழுதியிருந்தால்? பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் இன்று அதிகபட்சம் 36 மாதம்தான். காத்திருந்து வாங்கியிருக்கலாம். மறைத்தால், 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டி முடிக்கும் வரை கழுத்துக்கு மேலே கத்திதான். மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, அறை வாடகை. 3 லட்ச ரூபாய் பாலிசி. வாடகை நாளுக்கு 1 சதவீதம் என்று நிபந்தனை. அதாவது 3,000 ரூபாய். நாம் என்ன செய்கிறோம்? "பார்க்க வர்ற சம்பந்தி என்ன நினைப்பார்?" என்று 6,000 ரூபாய் ஏசி அறை! (சிரிப்பு) வாடகையில் மட்டுமா பாதி போகும்? பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். சம்பந்தி ஆப்பிளோடு போய்விடுவார். பில் நம்மோடு இருக்கும்.

சட்டம் நம் பக்கம் என்பார்கள் எதிரணியினர். மறுக்கவில்லை. 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது: எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால், சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கிறார். ஆனால் அங்கே போனாலும் முதலில் எதைப் பார்ப்பார்கள்? நாம் கையெழுத்திட்ட அந்தப் படிவத்தைத்தானே!

ஆகவே தாய்மார்களே, பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் பூட்டாதீங்க. வாசியுங்க. பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். ஆதாரில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்க. ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்க. மருந்துச் சீட்டு, பில், ரசீது, ஒரு தாளையும் தொலைக்காதீங்க.

வீடு திரும்பிய அன்று என் மனைவி சொன்னாள்: "ஊரெல்லாம் போய் ஒன்றரை மணி நேரம் பேசுறீங்க. எனக்காக அந்த ஒரு வார்த்தையை எழுதலையே!"

நடுவர் அவர்களே, என் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. நீங்களும் அதையே வழங்குங்கள். (கைதட்டல்)